பூட்டுக் கம்பெனியின் ஒரே பயனர்

அந்தக் கம்பெனி மூன்று தலைமுறையாகப் பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்து விற்றுவந்தது. வாசல் வளைவில் ‘யாரையும் நம்பாதீர்கள், எங்களை நம்புங்கள்’ என்று பித்தளை எழுத்தில் பொறித்திருக்கும். உள்ளே வேலை பார்த்தவர்கள் அதன் முதல் பாதியை மட்டும் கடைப்பிடித்தார்கள். மேஜை இழுப்பறைக்குப் பூட்டு, குடை மாட்டும் கம்பிக்குப் பூட்டு, கழிப்பறை சோப்புக்குச் சங்கிலி. எதிரே வந்தவர் சிரித்தால், எதற்காகச் சிரித்தார் என்று மதியச் சாப்பாடுவரை யோசிப்பார்கள்.

அங்கே அனுப்புகைப் பிரிவில் ஒருவர் இருந்தார். பெட்டிகளின் மேல் முகவரிச் சீட்டு ஒட்டுவது அவர் வேலை. அதனால் கம்பெனி முழுக்க அவருக்கு ‘அட்ரஸ்’ என்றே பெயர். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். கணவனை விட்டு வந்துவிட்ட, ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த தங்கையும், தங்கையின் ஐந்து வயது மகளும் அவரோடு இருந்தார்கள். யார் வம்புக்கும் போகமாட்டார். கம்பெனியின் பூட்டைப் பெட்டிக்கு வெளியே அவர் பார்த்ததே அபூர்வம். அவர் வீட்டுக் கதவில் இருந்தது சாதாரணத் தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாள்தான் அவரை மாட்டிவிட்டது.

ஒரு நாள் தலைவர் அதிகாரிகளைக் கூட்டினார். போட்டிக் கம்பெனி ‘பயனர் அனுபவம்’ என்று ஒரு பிரிவு தொடங்கியிருந்தது. அது என்னவென்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பதே தலைவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

“வாடிக்கையாளரை நாம தெய்வமா நினைக்கிறோம்” என்று அவர் பேசினார். “அதனாலதான் இத்தனை வருஷமா அவங்களை நேர்ல பார்க்கணும்னு யாரும் ஆசைப்படலை. இனிமே அது சரிப்படாது. அவங்க மனசுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சாகணும். தெரிஞ்சாத்தானே, அது தப்புன்னு அவங்களுக்கு எடுத்துச் சொல்ல முடியும்!”

எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருப்பவர் தட்டுகிறாரா என்று பார்த்துக்கொண்டே தட்டினார்கள்.

இந்த வேலைக்காக ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். இளம்பெண். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, பை நிறைய வண்ண வண்ண ஒட்டுச்சீட்டுகளோடு வந்தாள். வாசல் காவலர் ஒரு சீட்டுக் கட்டையும் விடாமல் பிரித்துப் பார்த்தார். எல்லாம் வெற்றுத்தாள். அது அவருடைய சந்தேகத்தை அதிகமாக்கியது.

“நமக்கு முதல்ல வேண்டியது எம்பதி” என்று ஆலோசகர் தொடங்கினாள்.

“எம்பதா? எதுக்கு அத்தனை பேர்?” என்று பதறினார் தலைமைப் பொறியாளர்.

“ஆள் கணக்கு இல்ல சார். எம்பதின்னா அடுத்தவங்க கஷ்டத்தை நம்ம கஷ்டமா உணர்றது.”

“அதுக்கு நம்ம விதிகள்ல இடம் இருக்கா?” என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார் பொறியாளர். அவருக்கும் தெரியவில்லை.

ஆலோசகர் அசரவில்லை. தினமும் பூட்டைப் பயன்படுத்துகிற சாதாரண மக்கள் பத்துப் பேரை அழைத்துவந்து, புதுப் பூட்டைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றாள். உடனே கண்காணிப்பு அதிகாரி எழுந்தார். கதவுக்கு முதுகு காட்டி எப்போதும் உட்காராத மனிதர் அவர்.

“வெளியாளைக் கூட்டிட்டு வந்து, நம்ம பூட்டை எப்படித் திறக்கிறதுன்னு நாமளே கத்துக்கொடுக்கிறதா? மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்களை யார் அனுப்பினாங்க?”

“நீங்கதான் சார் கூப்பிட்டீங்க.”

“அதையும் விசாரிக்கிறேன்” என்று சொல்லி உட்கார்ந்தார்.

இரண்டு வாரம் இழுத்தபிறகு ஒரு முடிவு வந்தது. கம்பெனிக்குள்ளேயே ஒருவரைப் பயனராக நியமிப்பது. பணியாளர் பிரிவு மேலாளர், பயனர் அனுபவம் என்பதால் குறைந்தது பத்து வருட அனுபவம் வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். பொறியாளர்களுக்குப் பூட்டு தெரியும், ஆகவே அவர்கள் ஆகாது. காவலர்களுக்குச் சாவி தெரியும், அவர்களும் ஆகாது. கடைசியில், இத்தனை வருடம் பூட்டுக் கம்பெனியில் இருந்தும் வீட்டில் தாழ்ப்பாள் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் இருப்பதைக் கண்காணிப்பு அதிகாரி கண்டுபிடித்துச் சொன்னார். அவர் அதைக் குற்றமாகத்தான் சொன்னார். தகுதியாக எடுத்துக்கொண்டார்கள்.

அட்ரஸுக்குப் பச்சை நிறத்தில் ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பயனர்’ என்று இருந்தது.

அன்று மாலை தங்கை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்ன வேலைண்ணே இது?”

“ஒரு ரூம்ல உட்கார்ந்து, எனக்கு என்ன தோணுதுன்னு சொல்லணுமாம்.”

“உனக்கு என்ன தோணுதுன்னு கேட்கிறதுக்குச் சம்பளமா?” தங்கை அட்டையைக் கொடுத்துவிட்டாள். “ஜாக்கிரதையா இரு. நம்ம வார்டுல டாக்டர் வந்து அன்பா விசாரிச்சார்னா, பெரிய ஊசி ஒண்ணு பின்னாடி வருதுன்னு அர்த்தம்.”

மறுநாளிலிருந்து கம்பெனியில் அவர் நடந்துவந்தால் பேச்சு நின்றது. புதிதாக எது வந்தாலும் ஆள் குறைப்புக்குத்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். சிற்றுண்டிச் சாலையில் அவர் காப்பியை வாயில் வைத்து முகம் சுளித்ததை யாரோ பார்த்துவிட, சமையற்காரர் ஓடிவந்தார். “ஏதாவது எழுதிடாதீங்க சார். குடும்பஸ்தன்.”

“சூடா இருந்துச்சு, அவ்வளவுதான்.”

“அதையும் எழுதாதீங்க சார்.”

அந்த வாரமே பயிலரங்கம் நடந்தது. அதிகாரிகள் எல்லாரும் ஆளுக்கொரு ஒட்டுச்சீட்டில், பயனர் என்ன உணர்கிறார் என்று எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பொறியாளர் ‘பெருமிதம்’ என்று எழுதினார். மேலாளர் ‘நன்றியுணர்வு’ என்று எழுதினார். கண்காணிப்பு அதிகாரி எதையோ எழுதி, மடித்து, தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சுவர் நிறைந்தது. கடைசி வரிசையில் இருந்த அட்ரஸ் தயங்கிக் கையைத் தூக்கினார்.

“நான் இங்கதான் இருக்கேன். வேணும்னா நானே சொல்லிடுறேன்.”

“ஐயோ, நீங்க பேசக் கூடாது!” என்றார் மேலாளர். “நீங்க பேசினா ஆய்வு கெட்டுப்போயிடும்.”

ஆலோசகர் மட்டும் ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சீட்டுகளை நிறவாரியாக அடுக்கத் தொடங்கினாள்.

சோதனைக்கு வந்த பூட்டின் பெயர் ‘நம்பிக்கை’. தலைமைப் பொறியாளரின் சொந்தப் படைப்பு. சாவி கிடையாது, எண்பலகை உண்டு. ஒரு பொத்தானை அழுத்திப் பூட்டை விழிக்கச் செய்ய வேண்டும். எண்ணை அடிக்க வேண்டும். பிறகு அதே எண்ணைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி அடிக்க வேண்டும். அதன்பின் கைப்பிடியை மேலே தூக்கிக்கொண்டே கதவைத் தள்ள வேண்டும். மூன்று தடவை தப்பினால் மறுநாள் காலைவரை பூட்டு யாருக்கும் அசையாது. வெளியே இருந்து திறக்கும்போதும் இப்படித்தான், உள்ளே இருந்து திறக்கும்போதும் இப்படித்தான்.

“உள்ள இருந்து எதுக்கு சார் நம்பர்?” என்று ஆலோசகர் கேட்டாள்.

“உள்ள நுழைஞ்ச திருடன் சுலபமா வெளிய போயிட்டா, அப்புறம் பூட்டுன்னு ஒண்ணு எதுக்கும்மா?” என்றார் பொறியாளர்.

சோதனைக்கென்று இரண்டு அறைகள் கட்டினார்கள். ஒன்றில் பயனர் இருப்பார். நடுச் சுவரில் பெரிய கண்ணாடி. பயனர் பக்கம் அது முகம் பார்க்கும் கண்ணாடி; மறுபக்கத்து இருட்டறையில் இருக்கும் அதிகாரிகளுக்கு ஜன்னல். பயனர் பேசுவது ஒலிபெருக்கி வழியாக அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது பயனருக்குக் கேட்காது.

முதல் சோதனையில், அட்ரஸை உள்ளே விட்டு இரும்புக் கதவைச் சாத்தினார்கள். எண்ணைச் சொல்லியிருந்தார்கள். திருப்பி அடிக்கும்போது அவருக்கு அது குழம்பிப்போனது. இரண்டாம் தடவை விரல் பக்கத்துப் பொத்தானில் விழுந்தது. மூன்றாம் தடவைக்குப் பிறகு எண்பலகையில் சிவப்பு விளக்கு வந்து நின்றது. எதிரே கண்ணாடியில் தன் முகம் வியர்ப்பதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். “முடியல, திறங்க” என்று இரண்டு தடவை சொன்னார். கதவைக் கழற்றி அவரை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

“எப்படி இருந்துச்சு?” என்று ஆலோசகர் கேட்டாள்.

“பயமா இருந்துச்சு மேடம்.”

அதே மாலை கண்காணிப்பு அதிகாரி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“யார் சொல்லி உங்களுக்குப் பயம் வந்துச்சு?”

“யாரும் சொல்லல சார். தானா வந்துச்சு.”

“இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். தானா வந்த எதையும் நான் பார்த்ததில்ல.” அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “போட்டிக் கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்? இல்ல நம்ம மார்க்கெட்டிங்காரங்களா? பார்த்து நடந்துக்குங்க. அப்புறம் அட்ரஸே இல்லாமப் போயிடுவீங்க.”

அறிக்கை வந்தபோது அதில் பயம் என்ற சொல் இல்லை. ‘பூட்டியதும் பயனருக்கு ஆழ்ந்த பாதுகாப்பு உணர்வு ஏற்பட்டது. வெளியேற அவர் அவசரப்படவில்லை’ என்று இருந்தது. ஆலோசகர் ஆட்சேபித்ததாகவும், அந்த ஆட்சேபத்தை வேறு நிறச் சீட்டில் எழுதிக்கொடுக்கும்படி அவளைக் கேட்டுக்கொண்டதாகவும் சிற்றுண்டிச் சாலையில் பேசிக்கொண்டார்கள்.

அட்ரஸ் இதையும் தலையெழுத்து என்று விட்டிருப்பார். ஆனால் ஒரு நாள் தங்கை பூரிப்போடு வீட்டுக்கு வந்தாள். நகர எல்லையில் எழும்பிக்கொண்டிருந்த பெரிய அடுக்குமாடியில் அவளுக்கு வாடகைக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது. மருத்துவமனைக்குப் பக்கம்.

“எல்லா வீட்டுக் கதவுலயும் உங்க கம்பெனியோட புதுப் பூட்டுதானாம்ணே. ‘நம்பிக்கை’யோ என்னமோ பேரு.”

அட்ரஸ் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“நைட் டியூட்டி முடிச்சு நான் வர்றதுக்குள்ள பாப்பா சில நாள் எந்திரிச்சிடுவா. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து கூப்பிட்டா, அவளே உள்ள இருந்து திறந்துக்குவா, இல்ல?”

பூட்டு, பெட்டி, அறிக்கை என்று இத்தனை நாள் நடந்த பேச்சில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் பணியாளர் பிரிவு மேலாளரிடம் போனார். “சார், அந்தப் பூட்டு குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு ஆகாது. நானே மாட்டிக்கிட்டேன்.”

மேலாளர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “நீங்க பயனர். உங்க கருத்து எங்களுக்கு உயிர். அதனாலதான் அதை நாங்க பத்திரமாப் பூட்டி வெச்சிருக்கோம். அந்த அடுக்குமாடிக்குச் சரக்கு போகணும்னா இன்னொரு சோதனை ஜெயிக்கணும், தலைவர் நேர்ல பார்க்கிறார். நம்பர் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. திருப்பி அடிச்சாலும் அதேதான். கைப்பிடி திருகாணியையும் பொறியாளர் சார் தளர்த்தி வெச்சுட்டார். சும்மா திறந்துட்டு வாங்க. அடுத்த மாசம் உங்களை மூத்த பயனரா ஆக்கிடலாம்.”

“நான் திறக்கலைன்னா?”

“அப்ப உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியலைன்னு ஆகும். பயன்படுத்தத் தெரியாத பயனர் எங்களுக்கு எதுக்கு?”

தங்கையின் சம்பளம் வாடகைக்கே சரியாக இருக்கும். மற்ற செலவெல்லாம் அட்ரஸின் தலையில். அவர் எழுந்து வந்தார்.

சோதனை நாள் காலையில் கண்காணிப்பு அதிகாரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. இருட்டறையில் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் நடுவில் எழுந்துபோய்ப் பயனருக்குத் துப்புக் கொடுத்துவிட்டால்? ஆகவே அந்த அறைக் கதவிலும் ‘நம்பிக்கை’யைப் பொருத்தச் சொன்னார். எண்ணைத் தானே வைத்தார், யாருக்கும் சொல்லவில்லை. எல்லாருடைய கைபேசிகளையும் வாங்கி வெளியே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். தலைவர், பொறியாளர், மேலாளர், ஆலோசகர் ஆகியோரை உட்காரவைத்து, தானும் உள்ளே வந்து கதவை மூடினார். கதவு பூட்டியதும் ஏசி நின்றது. அறையைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏசியை அணைக்க மறக்கிறார்கள் என்பதால், அது தானாக நிற்கும்படி எப்போதோ சிக்கன ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அட்ரஸ் பயனர் அறையில் உட்கார்ந்தார். சொன்ன எண்ணை அடித்தார். திருப்பியும் அடித்தார். கதவு சிரமமில்லாமல் திறந்தது. தலையைக் குனிந்தபடி வெளியே வந்து நடைவழியில் நின்றார். பாராட்டவோ திட்டவோ யாராவது வருவார்கள் என்று பார்த்தார். யாரும் வரவில்லை.

இருட்டறையில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

“பிரமாதம்! கிளம்பலாம்” என்று எழுந்தார் தலைவர்.

“எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க” என்றார் கண்காணிப்பு அதிகாரி. “நம்பர் அடிக்கப் போறேன்.”

“நானுமா?”

“மன்னிக்கணும் சார். விதியில உங்களுக்கு விலக்கு இல்ல.”

தலைவர் திரும்பி நின்றார். இருட்டில் அதிகாரி ஒரு பொத்தானைத் தவறாக அழுத்திவிட்டார். இரண்டாம் தடவை, பொறியாளர் கடைக்கண்ணால் பார்ப்பதாகத் தோன்றவே பாதியில் கையை எடுத்துவிட்டார். மூன்றாம் தடவை எண்பலகையைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு அடித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“நாளைக்குக் காலைல தானாத் திறந்துடும்” என்றார் பொறியாளர். “அதுதான் இதோட சிறப்பே.”

தலைவருக்கு மூச்சிரைப்பு உண்டு. மருந்து கைபேசியோடு சேர்ந்து பெட்டிக்குள் போயிருந்தது. கதவைத் தட்டினார்கள். உடைக்க முடியாத கதவு என்பது கம்பெனியின் பெருமை. சத்தமும் அதைத் தாண்டவில்லை. அப்போது ஆலோசகர் கண்ணாடியைத் தட்டத் தொடங்கினாள்.

அந்தச் சத்தம் அட்ரஸுக்கு மெல்லக் கேட்டது. பயனர் அறைக்குள் திரும்பி வந்தார். கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. இதுவும் ஒரு சோதனையோ? அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அந்தக் கட்டடத்தில் சந்தேகப்படாமல் இருப்பதற்குத்தான் காரணம் வேண்டும். கண்ணாடிக்கு அப்பாலிருந்து எது கேட்டாலும் பயனர் அசையக் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

தட்டல் நிற்கவில்லை. நேரம் போகப்போக அதன் தாளம் கெட்டு, பல கைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுபோல ஆனது. தூங்கி எழுந்த பாப்பா ஓர் இரும்புக் கதவை இப்படி அடிப்பது அவர் கண்முன் வந்தது. எழுந்து கண்ணாடியின் அருகே போனார்.

“சார், இது நிஜமா, சோதனையான்னு எனக்குத் தெரியல. ஒண்ணு கேட்கிறேன். உள்ள உங்களுக்குப் பயமா இருந்தா ஒரு தட்டு தட்டுங்க. பாதுகாப்பு உணர்வா இருந்தா ரெண்டு தட்டு.”

அந்தப் பக்கம் அமைதியானது. அப்புறம் அழுத்தமாக இரண்டு தட்டு கேட்டது. உடனே நாற்காலி ஒன்று சாய்ந்து விழுகிற அதிர்வு; யாரோ யாரையோ பிடித்து இழுத்திருக்க வேண்டும். மறுபடி அமைதி. பிறகு கண்ணாடியின் அடிப்பகுதியிலிருந்து, தரையில் உட்கார்ந்துவிட்ட ஒருவர் கைநீட்டித் தட்டியதுபோல, தளர்ந்த ஒரே ஒரு தட்டு.

“எல்லாரும் தள்ளிப் போங்க” என்றார் அட்ரஸ். இரும்பு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கினார். வாழ்நாளில் அவர் உடைத்த முதல் பொருள் அந்தக் கண்ணாடி.

தலைவரைத் தூக்கிவந்து பயனரின் இருக்கையில் உட்காரவைத்தார்கள். தண்ணீர் குடித்து, மருந்தும் வந்து, மூச்சு சீரானதும் அவர் அட்ரஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த அடுக்குமாடிக்கு இதை அனுப்ப வேண்டாம். ஒரு பூட்டுகூடப் போகக் கூடாது.”

அட்ரஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “ரொம்ப நன்றி சார்.”

“என் பொண்ணுக்கு அங்க ரெண்டு வீடு வாங்கியிருக்கேன்யா” என்றார் தலைவர்.

ஆலோசகர் தலைமுடியிலிருந்த கண்ணாடித் தூளை உதறிக்கொண்டே அருகில் வந்தாள். “அன்னிக்கு நீங்க சொன்னது இதுதானா?”

“இதுதான் மேடம்.”

“நான் அதை மஞ்சள் சீட்டுல எழுதி ஒட்டினேன்” என்றாள். அந்த வாரக் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு விசாரணை நடந்தது. கம்பெனிச் சொத்தை உடைத்தது ஒரு குற்றம். அதிகாரிகளை அவர்கள் தயாராக இல்லாத கோலத்தில் பார்த்தது இன்னொரு குற்றம். கண்ணாடி தானாக உடைந்தது என்று எழுதித் தரும்படி கேட்டார்கள். “தானா நடக்கிற எதையும் கண்காணிப்பு சார் நம்பமாட்டாரே” என்றார் அட்ரஸ். விஷயத்தை அத்துடன் விட்டார்கள். பயனர் பதவியை ரத்து செய்து அவரை முகவரி ஒட்டவே அனுப்பினார்கள்.

தங்கை குடிபோன வீட்டுக் கதவில் சாதாரணத் தாழ்ப்பாள்தான் போட்டிருந்தார்கள். பாப்பா ஒரு முக்காலியில் ஏறி நின்று அதைத் திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்தாள். போதும் என்று தங்கை அதட்டியும் அவள் நிறுத்தவில்லை. அட்ரஸ் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

தலைமைப் பொறியாளரின் அறிக்கை இதற்குள் மேலிடம் போயிருந்தது. ஐந்து பேர் முயன்றும் ஒருவராலும் கதவு வழியாக வெளியேற முடியாததால் பூட்டு முழு வெற்றி என்று அதில் எழுதியிருந்தார். யாரோ அதைச் சிறைத்துறைக்கு அனுப்பிவைக்க, அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. கிடங்கிலிருந்த சரக்கு முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை. முதலில் ஒரு பயனரை உள்ளே வைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும்.

பணியாளர் பிரிவு மேலாளர் தானே அனுப்புகைப் பிரிவுக்கு நடந்து வந்தார். கையில் பழைய பச்சை அட்டை.

“கம்பெனியில அனுபவம் உள்ள பயனர் நீங்க ஒருத்தர்தான். உள்ள போய் உட்கார்ந்து, வெளிய வர முடியலைன்னு சொன்னாப் போதும். இந்தத் தடவை நீங்க உண்மையையே சொல்லலாம்.”

அட்ரஸ் கையிலிருந்த சீட்டைப் பெட்டியில் ஒட்டி, மூலைகளை விரலால் அழுத்தினார். பிறகு நிமிர்ந்தார்.

“நான் போகமாட்டேன் சார். பாதுகாப்பு உணர்வுன்னு ரெண்டு தட்டு தட்டினாரே, அவரை அனுப்புங்க.”

மேலாளர் அங்கேயே நின்று யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. விஷயத்தைச் சொல்லப் பொறியாளரின் அறைக்குப் போனார். கதவு ‘நம்பிக்கை’ போட்டு உள்ளே பூட்டியிருந்தது.

“சார், உள்ள இருக்கீங்களா?” என்று தட்டினார்.

உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டது.